பலாப்பழத்துக்கு விதித்த தண்டனை

முன்னொரு காலத்தில் பலாச்சுளை என்றால் உயிரையே விடும் அரசர் ஒருவர் இருந்தார். அவருடைய அவையில் விசித்திரமான வழக்கம் ஒன்று உண்டு. நாட்டில் நல்லது நடந்தால் அதற்கு அரசரே காரணம். கெட்டது நடந்தால் கட்டாயம் வேறு யாராவதுதான் காரணம். மழை பெய்தால் அது அரசரின் புண்ணியம். பெய்யாவிட்டால் எவனாவது ஓர் அப்பாவி அகப்படுவான்.

ஒருநாள் அரசர் ஒரு முழுப் பழத்தின் சுளைகளையும் தேனில் தோய்த்துத் தின்று தீர்த்தார். அப்போது விகடகவி அம்பலக்கூத்தன் ஏதோ வேடிக்கை சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார். சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

அரண்மனை வைத்தியர் மருதவாணர் ஓடி வந்து கஷாயம் கொடுத்தார். வலி நின்றது. அரசர் அளவுக்கு மீறித் தின்றதுதான் கோளாறு என்று வைத்தியருக்குத் தெரியாதா? சொன்னால் தலை தப்பாதே! அதோடு அம்பலக்கூத்தன் மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

"பிரபு! இவன் சிரிக்க வைத்ததால்தான் தங்களுக்குக் குடல் ஏறிவிட்டது. இவன் இங்கே இருக்கும்வரை தங்களுக்கு ஆபத்து" என்றார்.

"அப்படியா? அம்பலக்கூத்தா, பொழுது சாய்வதற்குள் நாட்டின் எல்லையைத் தாண்டிவிடு!"

அம்பலக்கூத்தனுக்குத் திக்கென்றது. கைக்குழந்தையையும் மனைவியையும் இழுத்துக்கொண்டு எங்கே போவான்? ஆனாலும் முகத்தில் காட்டாமல் கைகூப்பினான்.

"உத்தரவு, மன்னா. போகுமுன் ஒரு விண்ணப்பம். வைத்தியர் சொல்வதைப் பார்த்தால் பலா ஒரு பாவமும் அறியாது. அப்படியானால் தாங்கள் உண்ட அளவு அவரும் உண்ணட்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்."

"நியாயம்தான். கொண்டு வாருங்கள் பழத்தை!"

மறுத்தால் தன் பொய் வெளுத்துவிடும். வைத்தியர் தின்றார். பாதிப் பழத்தில் விழி பிதுங்கியது. அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிச் சுளை உள்ளே போனதும், "ஐயோ, வயிறு! என் கஷாயம் எங்கே?" என்று உருண்டார்.

அரசர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நான் இப்போதும் சிரிக்கிறேன், வலிக்கவில்லையே! அப்படியானால் என் வயிற்று வலிக்கு யார் காரணம்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பதிலை யார் சொல்வது?

"பலாப்பழம்தான், பிரபு" என்றான் அம்பலக்கூத்தன். "இவ்வளவு இனித்துத் தங்களை நிறுத்த விடாமல் செய்தது அதுதானே! எனக்கு விதித்த தண்டனையை அதற்கு விதியுங்கள். தோட்டத்துப் பழங்களை எல்லாம் வெளியேற்றுங்கள். ஆனால் எல்லைவரை சுமப்பானேன்? என் வீடு பக்கத்திலேயே இருக்கிறது."

அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "காரணம் யார் என்று எனக்கும் புரிகிறதடா!" என்று தம் தொந்தியைத் தட்டிக்கொண்டார்.

அன்று மாலையே குற்றவாளிப் பழங்கள் வண்டியேறி அம்பலக்கூத்தன் வீட்டுக்குப் போயின. அவற்றுக்குக் காவலாக அரசரின் பொற்கடகம் ஒன்றும் கூடவே போனது.