கண் இல்லாத கவச வண்டி

இரும்புப்பட்டை மரங்கள் வளர்ந்த காட்டில், காட்டெருமைகளும் பன்றிகளும் ஒரே குளத்தில்தான் தண்ணீர் குடித்தன. மழை பொய்த்த ஆண்டில் பன்றிகள் முந்திக்கொண்டன. மேடான குளக்கரையின்மேல் சுற்றிலும் மண்சுவர் எழுப்பின. ஒரே ஒரு வாசல் வைத்து, அதையும் மூடிவிட்டன. சுவர்மேல் முள்ளம்பன்றிகளைக் காவலுக்கு நிறுத்தின. அந்தக் காட்டு முள்ளம்பன்றிகள் எய்யும் முள்ளின் நுனியில் நெருப்பு எரியும்.

பன்றிகள் செய்தது அநியாயம். அதில் பேச்சே இல்லை.

காட்டெருமைத் தலைவன் கரிமேகன் வாசலில் போய் நின்றது.

"என் கன்னுக்குட்டி நாக்கு வறண்டு கிடக்குது. ஒரு வாய் தண்ணி விடு!"

பன்றித் தலைவன் கோரையன் சுவர்மேல் ஏறிச் சிரித்தது.

"ஏய் ஒத்தக்கொம்பு! ஒடிஞ்ச கொம்பு முளைக்கட்டும், அப்புறம் வா!"

முள்ளம்பன்றிகளும் சேர்ந்து சிரித்தன. கரிமேகன் திரும்பி நடந்தது. தாகத்தைவிட அந்தச் சிரிப்புதான் அதை அதிகம் சுட்டது.

உடம்பெல்லாம் செதில் போர்த்திய அழுங்கு ஒன்று அங்கே இருந்தது. கவசம் செய்வதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. கரிமேகன் கேட்டதும், இரும்புப்பட்டைகளை உரித்து, தன் செதில்களைப் போலவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய வண்டி ஒன்று செய்தது. முன்னால் வாசலை இடிக்க ஒரு பாறை. உள்ளே நின்று தள்ள நான்கு எருமைகளுக்கு இடம். வழி பார்க்க ஒரு துளை.

வண்டி கிளம்பியது. பாதி வழியில் ஒரு நெருப்பு முள் அந்தத் துளைக்குள் புகுந்து கரிமேகனின் மூக்கைச் சுட்டது.

"கொம்பு போச்சு, இப்ப மூக்கும் போச்சா?" என்று கோரையன் கத்தியது.

எருமைகள் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரும்பின.

"அந்தத் துளையை அடை!" என்றது கரிமேகன்.

"அடைச்சா வழி எப்படித் தெரியும் தலைவரே?" என்று கேட்டது அழுங்கு.

"என் எதிரி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்! பட்டைகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்கையும் களிமண் வெச்சுப் பூசு. அவன் குரலே எனக்குக் கேக்கக் கூடாது!"

"நான்கூட என் மூக்குக்கு மேல செதில் போட்டுக்கிறதில்லையே!" என்று முணுமுணுத்தபடி அழுங்கு பூசிக் கொடுத்தது.

மறுநாள் வண்டி மீண்டும் வந்தது. நெருப்பு முட்கள் மழையாகப் பொழிந்தன. எல்லாம் பட்டையில் பட்டு அணைந்து விழுந்தன. கோரையன் வாசலுக்கு ஓடியது.

"வாசலைத் திறங்கடா!" என்று அலறியது. "கரிமேகண்ணே! நிறுத்து! பாதிக் குளம் உனக்கு! கன்னுக்குட்டியைக் கூட்டிட்டு வா!"

கதவு அகலத் திறந்தது. உள்ளே தண்ணீர் பளபளத்தது. கன்றோடு பின்னால் நின்றிருந்த கரிமேகனின் மனைவி செம்மிக்கு அது தெரிந்தது. ஆனால் வண்டிக்குள் எதுவும் தெரியவில்லை. வலப்பக்கம் நின்று தள்ளிய எருமைகள் பலசாலிகள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திரும்பி, வாசலை விட்டு விலகிப் போனது.

செம்மி ஓடிப்போய்ப் பட்டையில் முட்டியது.

"நில்லுங்க! கதவு திறந்திருக்கு! நில்லுங்க!"

உள்ளே 'டம் டம்' என்று மட்டும்தான் கேட்டது.

"பன்றிங்க அடிக்கிறாங்க! விடாதீங்க, தள்ளுங்க!" என்று கரிமேகன் உறுமியது.

நான்கும் மூச்சைப் பிடித்துத் தள்ளின. பாறை போய்ச் சுவரில் மோதியது. சுவரோடு அதைத் தாங்கிய கரையும் உடைந்தது. குளத்துத் தண்ணீர் முழுவதும் வண்டியைப் புரட்டிக்கொண்டு சரிவில் பாய்ந்தது. கீழே வறண்டு கிடந்த மணல் பள்ளம் அதைக் குடித்துவிட்டது.

கரிமேகன் வண்டியின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தது. முதலில் திறந்த கதவைப் பார்த்தது. பிறகு வெறும் குளத்தைப் பார்த்தது.

"திறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றது.

"தொண்டை கிழியக் கத்தினேன்" என்றது கோரையன். அதற்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அதன் குட்டிகளும் கரையில்தான் நின்றன.

செம்மி, ஈரச் சேற்றை நக்கிக்கொண்டிருந்த கன்றை மூக்கால் தள்ளி எழுப்பி, அடுத்த காட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது. சற்றுத் தள்ளிப் பன்றிக் குட்டிகளும் அதே வழியில் நடந்தன.

பகைவனின் குரல் காதில் விழக் கூடாது என்று எல்லாத் துளைகளையும் அடைத்துக்கொள்பவன், தன் பிள்ளையின் தண்ணீரைத் தானே கொட்டிவிடுவான்.