பின்வாசல் காலடிகள்

கேட்டு முடித்ததும் சட்டென்று விடை சொல்ல வராதீர்கள். இந்தப் புதிரில் கெட்டவர் என்று கைநீட்ட ஒருவர்கூட இல்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

அமெரிக்காவில் தொழிலெல்லாம் படுத்துவிட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடக்கிறது கதை. கார்வெல் என்றொரு மலையூர். அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கம்தான் ஊருக்கே சோறு போட்டது. அதை இழுத்து மூடிவிட்டார்கள். ஆண்டன் அந்தச் சுரங்கத்தின் கொதிகலன் கொட்டகையில் பதினேழு வருடம் கரி அள்ளிப் போட்டவன். இப்போது அவன் வீட்டு அடுப்புக்கே கரி இல்லை.

அரசாங்கம் நிவாரணம் கொடுக்கத்தான் செய்தது. வாரத்துக்கு ஒரு உணவுச் சீட்டு. அதை நீட்டினால் மாவு, பீன்ஸ், டின் பால் கிடைக்கும். ஆனால் பசித்த வீடுகள் அதிகம், சீட்டுகள் குறைவு. ஆகவே அந்த ஊர் நிவாரண ஆபீஸ் ஒரு விதி போட்டது: உழைக்கும் வயதில் ஆண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குச் சீட்டு கிடையாது. உழைக்க வேலை எங்கேயய்யா என்று கேட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

மூன்று வாரம் உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துத் தின்ற பிறகு, ஆண்டன் தன் மனைவி வெரோனிகாவிடம் சொன்னான். "நான் போயிடறேன் வெரோ. விட்டுட்டு ஓடிட்டான்னு ஆபீஸ்ல எழுதிக் கொடு. நான் இருக்கிறதாலதான் பிள்ளைங்க பட்டினி."

"திரும்பி வருவியா, மாட்டியா?"

"வேலை கிடைச்சா வருவேன். வெறுங்கையா வந்து நின்னா கதவைத் திறக்காதே. நான் அழுதாலும் திறக்காதே. சத்தியம் பண்ணு."

பாவி, கல்நெஞ்சுக்காரா என்று அவனைத் திட்டித் தீர்த்தாள். கடைசியில் சுவரிலிருந்த சிலுவையைத் தொட்டுச் சத்தியமும் செய்தாள். மறுநாள் அவன் ஒரு சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போனான். அடுத்த வாரமே சீட்டு வந்துவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகளின் கன்னத்திலும் கொஞ்சம் சதை பிடித்தது.

மாதம் ஒருமுறை ஆபீஸிலிருந்து மிஸ் ஹாலோவே விசாரிக்க வருவாள். கட்டிலுக்கு அடியில் ஆண் செருப்பு கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பது அவள் வேலை. குனியும்போது அவள் முகம் சிவந்துபோகும். ஜனவரியில் வந்தபோது பின்கொல்லைக்குள் தெரியாமல் நடந்துவிட்டாள். "அங்கே காலை வைக்காதீங்க மிஸ்! கிணறு!" என்று வெரோனிகா அலறினாள். பாழுங்கிணற்றின் மேல் உளுத்த பலகை. பலகையின் மேல் பனி. வெளியாருக்கு அங்கே கிணறு இருப்பதே தெரியாது.

பிப்ரவரியில் ஒரு நண்பகல். காலையெல்லாம் கொட்டிய பனி அப்போதுதான் நின்றிருந்தது. மிஸ் ஹாலோவே முன்வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "சாயங்காலம் என் மேலதிகாரியும் இந்தத் தெருவைப் பார்க்க வர்றார். எல்லாம் சரியா இருக்கட்டும்" என்றாள்.

அப்போது பின்கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. பின்னாலேயே நெஞ்சைப் பிளக்கிற இருமல்.

பதினேழு வருடம் கரித்தூள் தின்ற அந்த இருமலை வெரோனிகாவுக்குத் தெரியாதா? அவள் மடியில் கிடந்த சின்னவள் தலையைத் தூக்கினாள். வெரோனிகா அந்த முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"யாரது?" என்றாள் மிஸ் ஹாலோவே.

"யாரோ நாடோடி, மிஸ்." பிறகு கதவைப் பார்த்துக் கத்தினாள்: "இங்கே ஒண்ணும் இல்லை. போய்யா!"

வெளியே இருமலை விழுங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் வந்தது. "மன்னிக்கணும் அம்மா. வீடு மாறி வந்துட்டேன்."

காலடிகள் விலகிப் போயின. மிஸ் ஹாலோவே நோட்டில் 'வீட்டில் ஆண் இல்லை' என்று எழுதினாள். போகும்போது, நாடோடி போய்விட்டானா என்று பார்க்கப் பின்வாசல் வழியாக இறங்கினாள். வெரோனிகா ஜன்னலில் நின்று பார்த்தாள். பனியில் காலடிகள் தெளிவாக இருந்தன. வரும்போதும் போகும்போதும் அவை கிணற்றுப் பலகையைச் சரியாக வளைத்துக்கொண்டு சென்றிருந்தன.

மிஸ் ஹாலோவே அவற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு ஜன்னலைத் திரும்பிப் பாராமல், கதவோரத்துத் துடைப்பத்தை எடுத்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்து வரைக்கும் பெருக்கினாள். முன்பக்கம் போய்க் காரை எடுத்துவந்து, சந்தின் பனிமேல் இரண்டு தடவை முன்னும் பின்னுமாக ஓட்டினாள். ஒரு தடம் மிச்சமில்லை.

தெரிந்துவிட்டது அவளுக்கு! தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை! வெரோனிகாவுக்கு உயிர் வந்தது. கார் மறைந்த நொடியே கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஓடினாள். சந்தில் நின்றாள். இடப்பக்கம் போனால் ரயில் பாதை, வலப்பக்கம் போனால் மூடிய சுரங்கம். எந்தப் பக்கம் போனான்? பனியில் டயர் கோடுகளைத் தவிர வேறெதுவும் இல்லை.

ரயிலில் போனவன் ரயிலுக்குத்தான் போவான் என்று இடப்பக்கம் ஓடினாள். இருட்டும்வரை அவன் பேரைச் சொல்லிக் கூவினாள்.

மறுநாள் காலை, சுரங்கத்தின் கொதிகலன் கொட்டகையில் ஆண்டனைக் கண்டெடுத்தார்கள். அணைந்துபோன கொதிகலனில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி விறைத்துப்போயிருந்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம் என்று முகத்தைச் சுத்தமாக மழித்திருந்தான்.

இப்போது சொல்லுங்கள். சத்தியம் வாங்கியவன், சத்தியத்தைக் காத்தவள், தடத்தை அழித்தவள். மூன்று பேருமே அன்பினால்தான் செய்தார்கள். ஆபீஸ் போட்ட விதியின் மேல் பழியைப் போட்டு நழுவப் பார்க்காதீர்கள். விதி அன்றைக்கு அந்த வீட்டில் இல்லை, இந்த மூவர்தான் இருந்தார்கள். இவர்களில் யார் வாய் திறந்திருக்க வேண்டும்?

விடை: மிஸ் ஹாலோவே. மற்ற இருவர் வாயையும் பிள்ளைகளின் பசி கட்டிப்போட்டிருந்தது. அவள் வாயைக் கட்டியது வேலை போய்விடுமே என்ற பயம் மட்டும்தான். துடைப்பத்தை எடுக்குமுன் ஜன்னலைப் பார்த்து ஒரு தலையசைப்பு போதும், வெரோனிகா அப்போதே தடத்தைப் பிடித்துப் போயிருப்பாள். இரக்கப்பட்டாள், ஆனால் இரக்கப்பட்டது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தாள். நான் சொல்லும் விடை இது. வெரோனிகா இதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் கடைசியா கேட்டது என் குரலைத்தானே" என்பாள். விதவை வீடு என்று பதிவாகிவிட்டதால், அதன்பிறகு சீட்டு தடையில்லாமல் வந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க யாரும் வரவில்லை.