தோசைக்கல்லின் அடிப்பக்கம்

மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்கள் வயிறாறிப் போவதற்கென்று அடிவாரத்தில் ஓர் அன்னமடம் இருந்தது. அதை நடத்தியவர் பூரணத்தம்மாள். பழைய இரும்புக் கடைகளில் துருவேறிக் கிடக்கும் வார்ப்பிரும்புச் சாமான்களைத் தேடித் தேடி எடுத்து வருவார். ஆப்பச்சட்டி, பணியாரக்கல், எதுவானாலும் தேய்த்துப் பழக்கி மறுபடி அடுப்பில் ஏற்றிவிடுவார். மடத்துச் சமையல் முழுக்க அவற்றில்தான். புத்தி கேட்டு வருகிறவர்கள் கையிலும் துருப்பிடித்த சட்டி ஒன்றைக் கொடுத்துவிடுவார். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.

மாசிலாமணி மட்டும் தன் இரும்பைத் தானே கொண்டுவந்தார். குருவைவிட மூத்த சீடர். சாக்கில் சுற்றிய ஒரு தோசைக்கல்லை அம்மாள் முன்னால் இறக்கி வைத்தார்.

அது அவரும் தம்பி கோமதிநாயகமும் சேர்ந்து நடத்திய கடையின் கல். நல்ல கனமான பழைய வார்ப்பு. கடையை மூடியபோது தம்பி வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டிருந்தார். மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், கொல்லையில் கோழிகளின் தண்ணீர்த் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துத் துருவேறிக் கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. மாசிலாமணி தொட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினார். அண்ணன் ஏன் பேசுவதில்லை என்று தம்பி ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டான். செய்தவனுக்குத் தானே தெரிய வேண்டும், நாம் போய்ச் சொன்னால் அது என்ன மரியாதை என்று இவர் பதில் அனுப்பினார். அதிலும் நியாயம் இருந்தது.

“அவனை மன்னிச்சிட்டேம்மா. ஆனா செஞ்சது என்னன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?” என்றார்.

அம்மாள் கல்லை விரலால் சுண்டிப் பார்த்தார். மணி போல் ஓசை வந்தது.

“விரிசல் இல்லை. முதல்ல இதைத் தேயுங்க அண்ணாச்சி.”

மாசிலாமணி தேய்த்தார். செங்கல் தூளும் தேங்காய் நாருமாக, கை காய்த்துப் போகத் தேய்த்தார். வடிகஞ்சியில் ஊறப் போட்டார். சிறு தீயில் வைத்து நல்லெண்ணெய் தடவினார். பளபளப்பு வரட்டுமென்று தாராளமாக ஊற்றியதில் கல் பிசின் போல் பிசுபிசுத்தது. இவ்வளவு எண்ணெயைக் கையில் தடவினால் அண்ணாச்சி பலாச்சுளையே உரிக்கலாம் என்று அம்மாள் சிரித்தார். தடவிய எண்ணெயைத் துடைத்து எடுக்க வேண்டும், எடுத்தது போக ஒட்டுகிறதுதான் கல்லுக்குச் சொந்தம் என்று சொல்லித் தந்தார். மறுபடி சுட்டு, மறுபடி தேய்த்து, ஒருவழியாகக் கல் வழிக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சேதி வந்தது. தம்பி மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையோடு தம்பியே மடத்துக்கு நேரில் வருகிறான். பெரியப்பன் கைப்பிடித்துப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவது அவர்கள் வீட்டு வழக்கம். பெரியப்பா வராவிட்டால் நானே நடந்து வந்துகொள்கிறேன், வேறு யாரும் கையைத் தொடக்கூடாது என்று பெண் சொல்லிவிட்டதாம்.

மாசிலாமணிக்கு நெஞ்சு இளகியது. உடனே வேறொரு கவலையும் பிடித்தது. கல் இப்போது நாவற்பழம் மாதிரி கறுத்து மின்னியது. அது பாழாய்க் கிடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நல்லவேளையாக அடிப்பக்கம் முழுக்கத் தேய்த்து முடித்திருக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்குத் துரு அப்படியே இருந்தது. அதைத் தொடாமல் விட்டார்.

அம்மாள் கண்ணில் பட்டது.

“அடியில பாக்கி இருக்கே.”

“அது சாட்சிக்கும்மா.”

அவனுக்குத் தோசை போடுவேன், சாப்பிட்டதும் கல்லைத் திருப்பிக் காட்டுவேன், தலை குனிந்தால் கல்யாணத்துக்குப் போவேன், குனியாவிட்டால் இல்லை என்று தன் ஏற்பாட்டைச் சொன்னார்.

ஞாயிறன்று தம்பி வந்தான். வாசலிலேயே அண்ணன் காலைத் தொட்டான். இலையில் உட்காரவைத்து மாசிலாமணி முதல் தோசையை வார்த்தார். ஒட்டாமல், ஓரம் சிவந்து, தானாக எழும்பி வந்தது.

தம்பி விள்ளல் விள்ளலாகச் சாப்பிட்டான். பிறகு அடுப்பைப் பார்த்தான்.

“கல்லு நல்லாருக்கே அண்ணே. நம்ம கடைக் கல்லு இந்த மாதிரிதான் இருக்கும்.”

மாசிலாமணி கரண்டியை இறுகப் பிடித்தார்.

“அது எங்கே?”

“எந்தப் பழைய இரும்புக்காரனோ கொண்டுபோயிட்டான் அண்ணே. போனவன் தொட்டியைக் கவுத்துப் போட்டுப் போயிருக்கான், படுபாவி. கோழியெல்லாம் தண்ணியில்லாம கிடந்துச்சு.”

பூரணத்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாசிலாமணிக்குக் காது சுட்டது. இவனுக்குத் துளி உறுத்தல் இல்லை. திட்டு வாங்கினதும் நான்தான் என்று உள்ளுக்குள் பொருமினார்.

தம்பி இலையை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்தான்.

“இன்னொன்னு ஊத்துங்க அண்ணே. முறுகலா.”

மாசிலாமணி மாவை எடுக்கவில்லை. இடுக்கியை எடுத்தார். கல்லின் காதைக் கவ்விப் பிடித்தார். கல் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் குனிந்து, தம்பிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“திருப்பப் போறேம்மா. அவன் பாக்கட்டும்.”

“திருப்புங்க அண்ணாச்சி,” என்றார் பூரணத்தம்மாள். “தோசையை எதுல வார்ப்பீங்க?”