மறுகரைக்குப் போன நிருபர்

பூவலிங்கத்தின் குரு அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். காவி கட்டியவர் அல்ல. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரக் கிராமம் ஒன்றில் சுகாதாரச் செவிலியர். பெயர் சண்முகவடிவு. ஊருக்கு அவர் நர்சம்மா. பூவலிங்கத்துக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும்தான் குரு. அப்படிக் கூப்பிட்டால் சண்முகவடிவு சிரித்துவிடுவார்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் பூவலிங்கத்தின் மனைவி அந்த ஊரில், தன் தாய் வீட்டில், நோயில் கிடந்து இறந்துபோனாள். மருந்து கொடுக்க வந்த சண்முகவடிவிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார். சண்முகவடிவு பதில் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்று முதல் மனசில் எது சிக்கினாலும் பூவலிங்கம் சென்னையிலிருந்து ரயில் ஏறி வந்துவிடுவார்.

அன்று ஒரு புதன்கிழமை காலை. துணை சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. சாப்ட்டாச்சா?"

"ஆச்சும்மா. ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அனுப்ப மனசு வரலை."

"எதைப் பத்தி?"

"மறுகரை."

மறுகரை என்பது கணினிக்குள் இருக்கும் ஓர் ஊர். ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். வீதி உண்டு, வீடு உண்டு, ஆறும் படித்துறையும் உண்டு. பத்து வருடங்களுக்கு முன்னால் பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. இனி கல்யாணமும் அங்கேதான், கல்லூரியும் அங்கேதான் என்று எழுதின. பூவலிங்கம் வேலை பார்த்த நாளிதழ் ஒரு படி மேலே போய் மறுகரைக்குள் ஓர் அலுவலகமே திறந்தது. அவரை அங்கே நிருபராகப் போட்டது. சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று வருடம் அவர் அந்த ஊரில் செய்தி சேகரித்தார்.

பிறகு புதுசு பழசானது. வேறு ஏதோ வந்தது. பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவருடைய உருவத்தை அலுவலகம் திரும்ப வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் ஏழு வருடம் அவர் அங்கே போகவில்லை. இப்போது பத்தாண்டு நிறைவு என்று ஆசிரியருக்கு ஞாபகம் வந்து, அதே பழைய உருவத்தைத் தூசி தட்டிக் கொடுத்து, மறுகரை என்ன ஆனது என்று ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்லியிருந்தார். 'ஆவிகளின் ஊர்' என்று தலைப்பும் வைத்துவிட்டார்.

"வாசிங்க," என்றார் சண்முகவடிவு.

பூவலிங்கம் வாசித்தார். லட்சம் பேர் உலவிய வீதிகளில் இன்று காலடிச் சத்தம் இல்லை. கடைகள் திறந்து கிடக்கின்றன. விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. ஆறு மட்டும் ஓடுகிறது. கட்டுரை இப்படி முடிந்தது: 'கேட்க ஆளில்லாத ஊரில் பழைய பள்ளிக்கூட மணி மட்டும் தானாக அடித்துக்கொண்டிருக்கிறது.'

"கடைசி வரி நல்லா இருக்கு."

பூவலிங்கத்துக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முப்பது வருடமாக எழுதுகிறவர், ஆனாலும் பாராட்டு என்றால் காது குளிரத்தானே செய்யும்.

"பிறகு ஏன் அனுப்ப மனசு வரலை?"

அவர் தாளை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார்.

"அங்க ஒரு பெண் இருந்தாங்கம்மா. நொச்சின்னு பேரு. அங்க வச்சுக்கிட்ட பேரு. நிஜப் பேர் தெரியாது, முகம் தெரியாது, குரல்கூடக் கேட்டதில்லை. அங்க பேச்செல்லாம் எழுத்துலதான், தலைக்கு மேல தெரியும். தினம் சாயங்காலம் படித்துறையில உக்காந்து பேசுவோம். மூணு வருஷம். என் வீட்டுக்காரி போனப்புறம் நான் வாய்விட்டுப் பேசினது அவங்ககிட்ட மட்டும்தான்."

"ம்."

"அலுவலகத்தை மூடினப்போ சொல்லிக்காம வந்துட்டேன். கடைசியா அந்த ஊரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினேன், அதுல அவங்களைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான். இப்ப ரெண்டு வாரமா போய்த் தேடுறேன். செய்திக்குத்தான் போறேன்னு எனக்கே சொல்லிக்கிறேன். ஒருத்தருமே இல்லைம்மா. ஊர் இல்லைன்னு எழுதிட்டா அவங்களும் இல்லைன்னு ஆயிரும். அதான் கை வரலை."

சண்முகவடிவு தடுப்பூசிப் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மணி அடிச்சுதுன்னு எழுதியிருக்கீங்கல்லா. எப்போ அடிச்சுது?"

"நான் நுழைஞ்சதும்."

"மறுநாள்?"

"அப்பவும் நுழைஞ்சதும்தான்."

"நீங்க நுழையாதப்போ அடிக்குமா?"

பூவலிங்கம் அதை யோசித்ததே இல்லை. நிருபர் இல்லாத நேரத்தில் ஓர் ஊர் என்ன செய்யும் என்று எந்த நிருபர்தான் யோசிப்பார்?

"இன்னைக்குத் தடுப்பூசி நாள். கூட வாங்க," என்று சண்முகவடிவு நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

இருவரும் நடந்தார்கள். மேலத்தெருவுக்குத் திரும்பும் முன்பே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். யாரோ யாரையோ அடித்துவிட்டார்கள், யாரோ அழுதார்கள், நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

திரும்பினார்கள். தெருவில் ஒருவரும் இல்லை.

ஒரு சைக்கிள் டயர் மட்டும் உருண்டு வந்து சாக்கடை ஓரம் சாய்ந்தது. நடுத்தெருவில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

"பாத்தீங்களா? இந்த ஊர்ல பிள்ளைங்களே கிடையாது. எழுதிக்கோங்க," என்றார் சண்முகவடிவு.

பழக்கதோஷத்தில் பூவலிங்கத்தின் கை சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போனது. பாதியில் நின்றுவிட்டது.

அந்தச் செருப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பூவலிங்கம் கேட்டார்: "பெட்டி இல்லாம வந்தா?"

"மடியில ஏறி உக்காரும். கம்மல் நல்லாருக்குன்னு சொல்லும்."

"அங்க என் பேர் தலைக்கு மேல சிவப்பு எழுத்துல வரும்மா. பத்திரிகைக்காரங்களுக்கு மட்டும் சிவப்பு. அப்ப அந்த மணி..."

"எனக்கு அந்த ஊரைத் தெரியாது அண்ணாச்சி. இந்தப் பெட்டியைத்தான் தெரியும்."

சண்முகவடிவு முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டார்.

பூவலிங்கம் அம்பாசமுத்திரத்தில் தங்கியிருந்த விடுதி அறைக்குத் திரும்பினார். மதியம் மூன்று மணி. மடிக்கணினியைத் திறந்து, சொந்தமாகப் புதிதாக ஓர் உருவம் எடுத்தார். வழிப்போக்கன் என்று பெயர் கொடுத்தார். எழுத்து வெள்ளையாக வந்தது.

நுழைந்தார். மணி அடிக்கவில்லை.

கடைவீதியில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் வீட்டுக் கூரைக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தார். படித்துறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வளைகுடாப் பக்கம் தம்மாமில் லாரி ஓட்டுபவராம். சரக்கு இறக்கும் நேரத்தில் வந்து போவாராம். காரைக்காலில் டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும் ஓர் அம்மாள், குழாயில் ரத்தம் ஓடும் நேரத்தை இங்கேதான் கழிப்பாராம். மொத்தம் ஊரில் நாற்பது பேர் என்றார்கள்.

"புதுசா? இப்பல்லாம் யாரு புதுசா வர்றா! வாங்க, உக்காருங்க," என்று ஓர் எழுத்து எழுந்தது.

பச்சைச் சேலை கட்டிய உருவம். நொச்சி. ஏழு வருடத்தில் அவளுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. அங்கே யாருக்கும் ஏறாது. பூவலிங்கத்துக்குக் கண் மறைத்தது. விசைப்பலகையில் இரண்டு தடவை தப்பான எழுத்தை அழுத்தினார்.

அவர் உட்கார்ந்தார். எப்போதும் உட்காரும் மூன்றாம் படியில் அல்ல, கீழே.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு கேட்டார்: "இங்க ஒரு பள்ளிக்கூட மணி உண்டுன்னாங்களே?"

"நான்தான் அடிப்பேன். பத்திரிகைக்காரங்க வந்தா அடிப்பேன். எல்லாரும் வீட்டுக்குள்ள போயிருவாங்க. இது எங்க ஊர்ப் பழக்கம்."

"எதுக்கு?"



"இங்க ஒரு நிருபர் இருந்தார். மூணு வருஷம் என் பக்கத்துல உக்காந்து பேசினார். நல்ல மனுஷர். போறப்ப எங்களைப் பத்திப் பேப்பர்ல எழுதினார். என் பேர் போடலை, ஊர் போடலை. ஆனா கால்ல இரும்புப் பட்டை மாட்டின பொண்ணு, மூணு அண்ணன்மார், மாடியில தையல் மெஷின்னு எழுதிட்டார். எங்க தெருவுல அதுக்கு மேல பேர் ஒண்ணு தனியா வேணுமா?"

"வீட்ல தெரிஞ்சு போச்சா?"

"கம்ப்யூட்டரை மாடியிலேருந்து கீழ போட்டாங்க. ரெண்டு வருஷம் இந்தப் பக்கம் வர முடியலை. எனக்குக் காலும் நடக்காது, இதுவும் போச்சு. பெரியண்ணன் செத்தப்புறம்தான் ஒரு போன் கைக்கு வந்துச்சு."

"அவர் மேல கோவமா?"

"ரொம்ப நல்லா எழுதியிருந்தார். அந்தப் பொண்ணு பேசினா ஆறு ஓடற மாதிரி இருக்கும்னு எழுதியிருந்தார். அதை வெட்டி வச்சிருக்கேன். என்ன செய்யச் சொல்றீங்க?"

நொச்சியே மேலே எழுதினாள்.

"ரெண்டு வாரமா அவர் பேரோட சிவப்பு எழுத்து மறுபடி வருது. மணியை அடிச்சிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள்ள நின்னு பாப்பேன். அவரேதான். வர்றதும் நேரா படித்துறைக்கு வருவார். மூணாம் படியில ஒரு நிமிஷம் நிப்பார். படம் புடிப்பார். போயிருவார்." பிறகு ஒரு வரி. "போனதும் எல்லாரையும் வெளிய கூப்பிடணும்ல, நான் கொஞ்சம் லேட்டாத்தான் கூப்பிடுவேன்."

காரைக்கால் அம்மாள் திரும்பி வந்தார். பேச்சு வேறு எங்கோ போனது. பூவலிங்கம் இருட்டும்வரை அங்கேயே இருந்தார்.

மறுநாள் காலையில் ஆசிரியருக்குப் போன் செய்தார். ஊரில் ஆள் இருக்கிறது, அந்தத் தலைப்பு சரிவராது என்றார். ஆசிரியர் துள்ளிக் குதித்தார்.

"அப்ப அதையே எழுதுய்யா! யாரு, எந்த ஊரு, ஏன் இன்னும் அங்க கிடக்காங்க? ஒவ்வொருத்தரையும் பிடி. பேர் வேண்டாம், விவரம் போதும்."

பூவலிங்கம் போனை வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

சண்முகவடிவு நிலையத்து வாசலில் ஒரு கைக்குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தார். தாய் அதை வாங்கிக்கொண்டு போகும்வரை பூவலிங்கம் காத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். 

"ஆளில்லைன்னு எழுதினா பொய். ஆள் இருக்குன்னு எழுதினா அந்தப் பழைய பாவத்தையே மறுபடி செய்யறேன். என்ன எழுதட்டும்மா?"

"எழுதத்தான் போனீங்களா?"

பூவலிங்கம் மடித்து வைத்திருந்த கட்டுரையை எடுத்து நாலாகக் கிழித்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். சண்முகவடிவு குப்பைக்கூடையைக் காலால் தள்ளிவிட்டார்.

"வழிப்போக்கனாவே போயிட்டிருந்தா தினம் பேசுவாங்க. நல்லாப் பேசுவாங்க. ஆனா அவங்க பேசுறது என்கிட்ட இல்லை. நான் யாருன்னு சொல்லணும்னா என் பேர்லதான் போகணும். அந்தப் பேர் சிவப்பு. அது ஒண்ணுலதான் அவங்களுக்கு என்னைத் தெரியும்," என்றார் பூவலிங்கம்.

"அந்தப் பேர் எத்தனை நாளைக்கு உங்க கையில இருக்கும்?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். கட்டுரை வரலைன்னா வாங்கிக்குவாங்க."

"அப்ப இன்னைக்கே போங்க."

"போனா மணியை அடிச்சிருவாங்களேம்மா."

சண்முகவடிவு எடைத் தட்டைத் துடைத்து மூலையில் வைத்தார்.

"அடிக்கட்டும் அண்ணாச்சி. அடிக்கதுக்கு அவங்க இருக்காங்கல்லா."