துறைமுகத்துக்கு நின்ற வரிசை

ராஜாவே இல்லாத ஒரு ஊரிலே, ஏழு கடல் தாண்டிய சின்னஞ்சிறு செங்கொடி நாட்டிலே, மரிலா என்றொருத்தி அரசு மாளிகையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வல்லரசின் தூதர் வந்து மேசையைத் தட்டினார்.

"உங்கள் துறைமுகம் எங்களுக்கு வேண்டும். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும். இல்லாவிட்டால் போர்க்கப்பல் வரும்!"

நாட்டின் தலைவர் மரிலாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கே எல்லாமே எல்லாருக்கும் சொந்தம் ஐயா," என்றாள் மரிலா. "அத்தனை பேரும் போடணுமே!"

தூதர் சிரித்தார். "வரச் சொல், பார்ப்போம்."

மரிலா காவல்காரரையும் சமையல்காரரையும் வாசலில் முன்னும் பின்னுமாக நிற்கவைத்தாள். அவ்வளவுதான். வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட்டு, அப்புறம் காரணம் கேட்கிற ஜனங்கள் அவர்கள். உச்சிவேளைக்குள் வரிசை தெருக்களை நிரப்பி, மலையேறி, வானத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

தூதர் தொப்பியைக் கழற்றினார். "ஒரு வார்த்தைக்கு ஒரு நாடே எழுந்து நிற்கிறதே! இவர்களோடா மோதுவது?" காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்.

வரிசை கலைந்தது. கடைசியில் நின்றவர் பையோடு வந்து மரிலாவிடம் கேட்டார்: "என்ன தோழர் தர்றாங்க?"

"எதையும் தரலை, தோழர்."

"இன்னைக்குமா!" என்று பையை மடித்துக்கொண்டு அவர் நடையைக் கட்டினார்.