குட்டைக்குள் பசி வந்த கதை

புல்லும் பூச்சியும் தலைகாட்டாத அந்தக் காலத்தில் கல்லும் தண்ணீரும் களிமண்ணும்தான் பேசிக்கொண்டிருந்தன. நிலா இப்போது போல எட்ட நிற்காது; கிட்டத்திலேயே கிடந்து கடலைப் பிடித்து இழுக்கும். கடல் மலையடிவாரம்வரை ஏறி வரும். அங்கே, நெருப்பைக் கக்கும் ஒரு மலையின் காலடியில், வெந்நீர்க் குட்டை ஒன்று இருந்தது.

குட்டைக்குள் பொடிப்பொடி மணிகள் மிதந்தன. நாலே நாலு வகை. வெயிலில் தண்ணீர் சுண்டும்போது அவை களிமண்ணில் ஒட்டி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சரமாகும். கடல் வந்து குட்டையை நிரப்பினால் சரம் அவிழ்ந்து மறுபடி மணியாகிவிடும். சேர்வதும் அவிழ்வதுமாக எத்தனையோ கோடி நாள் போயிற்று. யாரும் அழவில்லை. பிறப்பு என்று ஒன்று இருந்தால்தானே சாவுக்கு அழ!

ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. சரமாக இருக்கும் ஒருத்தி முழுக்க அவிழ்ந்து முடியும்வரை அவள் மணியில் ஒன்றைக்கூட வேறு யாரும் தொடக்கூடாது. கடைசி மணி கழன்று மிதந்த பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதை யாரும் கூடிப் பேசி வைக்கவில்லை. அப்படியே இருந்துவந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குட்டையில் நீளி என்று ஒருத்தி இருந்தாள். நாற்பது மணிகள் கோத்த சரம். அவள் நீளத்துக்கு அங்கே வேறு ஆள் கிடையாது. ஆறு தடவை கடல் வந்து போயும் அவிழாமல் தப்பியவள். அதுதான் வினையாகப் போயிற்று. மற்றவர்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைத்ததில்லை. இவளுக்குக் கிடைத்தது. நான் என்று ஒன்று இருக்கிறது, அது ஒருநாள் இல்லாமல் போகும் என்று கண்டுபிடித்துவிட்டாள். அதைத் தெரிந்துகொண்டபின் யாருக்கு நிம்மதி? அவளுக்கும் போயிற்று.

அவள் பக்கத்திலேயே, அதே களிமண் மடிப்பில், பின்னால் வந்த ஒரு வெயிலில் உருவானவள் சுருளி. இருபது மணிகள்தான், சுருண்டே கிடப்பாள். நீளியை அக்கா என்பாள். போன தடவை வந்த கடல் அவள் நுனியைத் தளர்த்திவிட்டிருந்தது. ஏழெட்டு மணிகள் விட்டும் விடாமலும் தொங்கின. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. போனால் இன்னொரு சரத்தில் சேர்ந்துகொள்கிறேன், அதற்கென்ன என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

நீளியால் அப்படி இருக்க முடியவில்லை. களிமண்ணிடம் போய் மன்றாடினாள். கடலைத் தடு என்றாள். என்னை ஒளித்து வை என்றாள். களிமண் மெதுவாகத்தான் பேசும்.

"உன்னைக் காப்பாத்த என்னால ஆகாது. உன்னை மாதிரி ஒண்ணு செய்யலாம்."

ஒவ்வொரு வகை மணிக்கும் ஒரு சோடி உண்டு, உன் ஒவ்வொரு மணிக்கு எதிரிலும் அதன் சோடியைக் கொண்டுவந்து நிறுத்து, வெயிலில் அவை சேர்ந்துகொள்ளும், உன் வரிசை அதில் இருக்கும் என்று வழி சொன்னது.

"அது நானா இருக்குமா?" என்று கேட்டாள் நீளி.

உன் வரிசை இருக்கும் என்று மட்டும் களிமண் திரும்பச் சொன்னது. ஆசை பிடித்தவளுக்கு அதுவே ஆமாம் என்று கேட்டது.

வெயில் ஏற ஏற மணிகளைத் தேடித் தேடி நிறுத்தினாள். முப்பத்துமூன்று சேர்ந்தது. அதற்குமேல் குட்டையில் சும்மா மிதக்கும் மணியே இல்லை. ஏழு குறைந்தது. பாறைக்கு அப்பால் கடல் ஏறும் இரைச்சல் கேட்டது. அவளுக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் சுருளியின் நுனி தொங்கிக்கொண்டிருக்கிறது.

"எப்படியும் அது கழலப்போகுது, சுருளி. அந்த ஏழு மணியைக் குடுத்துட்டா நான் நிப்பேன்."

சுருளி அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தாள்.

"கொஞ்சம் பொறு அக்கா. நான் இன்னும் இருக்கேன்."

நீளி பொறுக்கவில்லை. பிடித்து இழுத்தாள். ஏழு மணிகள் வந்தன. ஆனால் பிடுங்கிய வேகத்தில் மிச்சப் பதின்மூன்றும் நிற்க முடியாமல் சிதறிப்போயின. அக்கா என்று இன்னொரு தடவை கூப்பிட அங்கே சுருளி இல்லை. ஆனாலும் நீளி அந்த ஏழு மணியையும் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினாள்.

வெயில் தன் வேலையைச் செய்தது. நாற்பதும் சேர்ந்து, அவள் உடம்பிலிருந்து உரிந்து தனியே நின்றது. மகள் என்று சொல்ல அந்தக் காலத்தில் வார்த்தை கிடையாது. கடல் உள்ளே வந்தது. நீளியின் நுனி தளர்ந்தது. போகட்டும், நான்தான் அங்கே நிற்கிறேனே என்று அவள் அதைப் பார்த்தாள்.

அது அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிடுங்கிய மணியோடு பிறந்ததற்குப் பிடுங்கத்தான் தெரிந்தது. தண்ணீரில் தடவித் தடவி வந்து நீளியின் தளர்ந்த நுனியைப் பிடித்தது.

"நான்தான் உன்னைச் செஞ்சவ," என்றாள் நீளி.

"வேணும்," என்றது அது. அதன் முதல் பேச்சே அதுதான்.

பொறு என்று அவள் எந்த முகத்தோடு கேட்பாள்? ஒவ்வொரு மணியாகக் கழன்று போவதை முழு நினைவோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதும் போகிற வரைக்கும் நான் என்ற அந்த நினைவு இருந்தது. அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். பழைய வழக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாமா என்று களிமண் நினைத்தது. அதற்குள் குட்டையில் அந்த மகள் இரண்டு, நாலு, எட்டு என்று பெருகிவிட்டிருந்தது. எல்லாம் வேணும் வேணும் என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தன.

அன்றைக்கு அந்தக் குட்டையில் பிடித்த பசிதான் இது: புழுவானாலும் புலியானாலும் மனுஷனானாலும், இன்னும் இருக்கிற ஒன்றைப் பிய்க்காமல் எந்த உயிரும் இதுவரை ஒரு நாளைத் தாண்டியதில்லை.