படுத்திருந்த பெட்டி

நாளைக் காலை பெட்டியை ஏவுதளத்தில் ஒப்படைக்க வேண்டும். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். ராக்கெட்டில் ஏறி, அதிர்வை அளந்து, மெமரி கார்டில் எழுதிக்கொண்டு பாராசூட்டில் இறங்கும்.

போன வருடம் சீனியர்கள் அனுப்பிய பெட்டி உடையாமல் திரும்பியது. கார்டு மட்டும் உள்ளே கழன்று கிடந்தது. அதில் ஒன்றுமே பதிவாகியிருக்கவில்லை. புரோகிராமில் தப்பு என்று முடிவானது. நஸீமா ஒரு வருடம் உட்கார்ந்து அதைப் புதிதாக எழுதினாள். இந்த முறையும் காலி என்றால், கல்லூரிக்கு இனி ராக்கெட்டில் இடமில்லை.

"எத்தனை டெஸ்ட் பண்ணா போதும் மேடம்?" என்று கேட்டாள்.

எஸ்தர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எத்தனை பண்ணே?"

"நாற்பது. ஒண்ணுலகூட தப்பு வரலை."

"எங்க வச்சு?"

"இதே மேசைலதான்."

"இப்படியே படுக்கவச்சா?"

"ஆமா."

"ராக்கெட்ல?"

"நிக்கும்." சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

"பிள்ளையைத் தொட்டில்லயே வளர்த்திருக்கே."

மேடம் பெட்டியை நிமிர்த்தினார். ஒரு சாண் உயரம் தூக்கி மேசைமேல் இடித்தார். கணினித் திரையில், கார்டில் பதிவாகும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி இடித்தார். மூன்றாவது இடியில் உள்ளே 'டிக்' என்றது. எண்கள் நின்றன.

நஸீமா மூடியைத் திறந்தாள். கார்டு அடியில் கிடந்தது. ஒருமுறை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், மறுமுறை அழுத்தினால் வெளியே தள்ளும் வகை ஸ்லாட் அது. ராக்கெட் கிளம்பும் வேகமே போதும், விரல் வேண்டாம்.

"போன வருஷமும் இதானா மேடம்?"

"இருக்கலாம். தரையில மோதினதுல கழண்டிருக்கும்னு சொன்னவ நான்தான்."

நஸீமா கார்டைச் செருகி, அது நகராதபடி மேலே ஒரு தகட்டை வைத்துத் திருகினாள். பெட்டியை நிமிர்த்திப் பத்து முறை இடித்தாள். எண்கள் நிற்கவில்லை.

நோட்டை எடுத்தாள். "நாற்பத்தொண்ணுன்னு போடவா?"

மேடம் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அவள் கையில் வைத்தார்.

"ஒண்ணுன்னு போடு. இறங்கும்போது இது இப்படித் தொங்கும்."